சீனக் குடியானவனும் நகரத்து வாசலும்

ஒரு தேசம் செல்வத்தில் ஓங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அச்செல்வத்தை உண்டாக்கியவன் இரவில் எங்கே படுத்துறங்குகிறான், அவன் குழந்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, நோயில் விழுந்தால் எந்த வைத்தியசாலை அவனை ஏற்றுக்கொள்கிறது என்று விசாரிப்பது நியாயம். நமது தேசத்தில் பொருளாதாரத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் சீனாவின் பெயர் அடிபடுகிறது. சீனா செய்தபடி நாமும் செய்யவேண்டும் என்கிறார்கள் ஒரு கட்சியார். அங்கே ஜனநாயகம் கிடையாது, ஆகையால் அந்த உதாரணமே நமக்கு வேண்டாம் என்கிறார்கள் மற்றொரு கட்சியார். முந்தியவர்கள் சீனத்தின் ஆலைகளையும் ரயில்களையும் கண்டு வியந்து நிற்கிறார்கள். பிந்தியவர்கள் அவற்றைப் பாராமலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆலையில் நின்றவனையும் ரயில் பாதை போட்டவனையும் பற்றி இரு கட்சியாரும் விசாரிக்கக் காணோம். அவனைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஒப்புக்கொள்ளவேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். உலக பாங்கியும் சீன சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாற்பது வருஷ காலத்தில் ஏறக்குறைய 80 கோடி ஜனங்கள் அந்நாட்டில் கொடிய வறுமையினின்றும் கரையேறியிருக்கிறார்கள். அதே காலத்தில் உலக முழுவதிலும் குறைந்த வறுமையில் முக்கால் பங்கு இது. மனித சரித்திரத்தில் இவ்வளவு ஜனங்கள் இவ்வளவு விரைவில் பட்டினியைக் கடந்ததாக வேறு எங்கும் நாம் கண்டதில்லை. இதைச் சிறுமைப்படுத்திப் பேசுகிறவர், தாம் எக்கொள்கையை உடையவராயினும், ஏழையின் நண்பர் ஆகமாட்டார். ஆயினும் இந்த வெற்றி எவ்வழியில் வந்தது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

1958ஆம் வருஷத்துச் சட்டம்

1949இல் புரட்சி முடிந்தவுடன் புதிய சர்க்கார் நிலச்சுவான்தார்களின் நிலங்களை உழுதவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. சீனக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கனவு அது. அக்கனவு நனவாகிச் சில வருஷங்களே சென்றன. பிறகு அவன் நிலம் கூட்டுறவுக்குப் போயிற்று, 1958இல் மக்கள் கம்யூனுக்குப் போயிற்று. இதற்கிடையில், 1953இல், தானியத்தைச் சர்க்காரே தான் நிர்ணயித்த விலைக்குக் கொள்முதல் செய்யும் ஏற்பாடு வந்தது. காரணம் வெளிப்படையானது. நகரத்தில் கனரகத் தொழில் வளரவேண்டும். அதற்கு மூலதனம் வேண்டும். வெளிநாட்டுக் கடன் பெரிதாகக் கிடைக்காத நிலையில் மூலதனம் கிராமத்திலிருந்துதான் வரவேண்டும். தானியத்தை மலிவாக வாங்கி, ஆலைத் தொழிலாளிக்கு மலிவாகப் படியளந்து, கூலியைத் தாழ்வாக வைத்து, ஆலையின் லாபத்தை மேலும் ஆலைகளில் போடுவது என்பது திட்டம்.

இத்திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தன் விளைச்சலுக்குத் தக்க விலை கிடைக்காதென்று கண்ட குடியானவன் கலப்பையைப் போட்டுவிட்டு நகரத்துக்குப் புறப்பட்டுவிட்டால் என்ன செய்வது? அந்த ஓட்டையை அடைக்கப் பிறந்ததே 1958 ஜனவரியில் வந்த குடும்பப் பதிவுச் சட்டம். சீனர்கள் அதை ஹூகோ என்பார்கள். ஒவ்வொரு பிரஜையும் இன்ன ஊரைச் சேர்ந்தவன், விவசாயி அல்லது விவசாயியல்லாதவன் என்று ஏட்டில் எழுதப்பட்டான். நகரத்துப் பதிவு உள்ளவனுக்கு ரேஷன், வீடு, வைத்தியம், ஓய்வூதியம் யாவும் உண்டு. கிராமத்துப் பதிவு உள்ளவன் உத்தரவின்றி நகரத்தில் குடியேறமுடியாது. குடியேறினாலும் அவனுக்குப் படியரிசி கிடையாது. இப்பதிவு பிறப்பில் வந்தது. 1998 வரையில் தாயின் பதிவே பிள்ளையின் பதிவு. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொடுமையை நன்கு அறிந்த நம் நாட்டார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சட்டம் பயின்ற நமக்கு இதில் மற்றொன்றும் கண்ணில் படுகிறது. 1954இல் இயற்றிய சீன அரசியல் சட்டம், பிரஜைகளுக்கு வசிக்கும் இடத்தைத் தெரிந்தெடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு என்று தெளிவாகக் கூறிற்று. நான்கே வருஷங்களில் ஒரு சாதாரணச் சட்டம் அவ்வுரிமையைச் செல்லாக்காசாக்கியது. 1975இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அவ்வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். உரிமையை வழங்கும் ஏடு ஒன்று, அதை நடத்திவைக்கும் அதிகாரம் வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது.

இச்சட்டத்தின் கொடுமை உடனேயே வெளிப்பட்டது. 1959 முதல் 1961 வரையில் சீனாவைப் பெரும் பஞ்சம் பீடித்தது. மாண்டவர்களின் தொகையை ஆராய்ச்சியாளர்கள் 1½ கோடியிலிருந்து 4½ கோடி வரையில் பலவாறாக மதிப்பிடுகிறார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தானியத்தை விளைவித்தவர்களே. உத்தியோகஸ்தர்கள் மேலிடத்தைத் திருப்தி செய்ய விளைச்சலைப் பெருக்கிக் காட்டினார்கள். காட்டிய கணக்கின்படி கொள்முதல் நடந்தது. களத்தில் மிஞ்சியது ஒன்றுமில்லை. பட்டினி கிடந்தவன் ஊரைவிட்டு வெளியேறவும் வழியில்லை. அப்பஞ்சத்தின் நடுவிலும் வெளிநாட்டுக்குத் தானிய ஏற்றுமதி நடந்தது. வங்காளப் பஞ்சத்தை மறவாத நாம், அந்நியனுடைய ஆட்சியில் மட்டுமே இத்தகைய பாதகம் நிகழும் என்று எண்ணுதல் தவறு. ஜனங்களின் குரல் அடைக்கப்பட்ட இடமெங்கும் அது நிகழக்கூடும்.

அக்காலத்தில் நன்மையே விளையவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 1949இல் நாற்பது வயதைத் தொடாத சராசரி ஆயுள், 1980 வாக்கில் அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. எழுத்தறிவும் கிராம வைத்தியமும் பரவின. பின்னால் வந்த ஆலைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, உடல்வலிவுள்ள தொழிலாளர்கள் கோடிக்கணக்கில் கிடைத்தது இந்த அஸ்திவாரத்தினால்தான். சீனாவின் வளர்ச்சி 1978க்குப் பிறகே ஆகாயத்திலிருந்து குதித்ததுபோல் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பதினெட்டுப் பேர்

அன்ஹுய் மாகாணத்தில் ஃபெங்யாங் என்னும் வட்டாரம் உண்டு. பஞ்சகாலத்தில் மிகுந்த நாசத்துக்கு உள்ளான பிரதேசம் அது. அதில் சியாவோகாங் என்பது ஒரு சிற்றூர். 1978ஆம் வருஷக் கடைசியில் அவ்வூர்க் குடியானவர் பதினெட்டுப் பேர் இரகசியமாகக் கூடினார்கள். கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக்கொள்வது, சர்க்காருக்குச் சேரவேண்டிய பங்கை ஒழுங்காகக் கட்டிவிடுவது, மிகுதியை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கைரேகை வைத்தார்கள். இதனால் ஊர்த்தலைவர்கள் சிறைக்குப் போக நேர்ந்தால், அவர்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரையில் மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதில் ஒரு ஷரத்து இருந்தது. பொருளாதார நூல் எதையும் அவர்கள் படித்ததில்லை. உழைத்தவன் உண்ணவேண்டும் என்னும் ஒரே நியாயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாகாணத் தலைவராயிருந்த வான் லீ இத்தகைய முயற்சிகளைத் தண்டிக்காமல் விட்டார். டெங் சியாவோபிங்கின் தலைமையில் புதிய கொள்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மேலிடமும், சிறிது காலத் தயக்கத்துக்குப் பிறகு, அதையே தேசத்துக்குரிய கொள்கையாக ஏற்றது. 1979இல் சர்க்கார் தானியக் கொள்முதல் விலையையும் உயர்த்தியது. பலன் கைமேல் தெரிந்தது. 1978இல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984இல் 40 கோடி டன்னைக் கடந்தது. நிலத்தின் பரப்பு பெருகவில்லை. உழுபவனின் மனம் மாறிற்று, அவனுக்குக் கிடைத்த விலையும் மாறிற்று. சீனாவின் மறுமலர்ச்சிக்கு முதற்கல்லை நாட்டியவன் குடியானவனே. வெளிநாட்டு மூலதனம் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது.

ஆனால் நிலம் அவனுடைய சொத்தாகவில்லை. கிராம நிலம் கிராமத்தின் பொதுச் சொத்து என்றும், நகர நிலம் சர்க்காரின் சொத்து என்றும் 1982ஆம் வருஷத்து அரசியல் சட்டம் வகுத்தது. குடும்பத்துக்குக் கிடைத்தது சாகுபடி செய்யும் குத்தகை உரிமை மட்டுமே. நகரம் விரிந்தபோது உள்ளூர் அதிகாரிகள் கிராம நிலத்தைச் சிறிய நஷ்டஈட்டுக்கு எடுத்து, நகர நிலமாக்கிப் பெருந்தொகைக்கு விற்றார்கள். 1994இல் வரி வருமானத்தின் பெரும்பகுதியை மத்திய சர்க்கார் தன்பால் இழுத்துக்கொண்ட பிறகு, உள்ளூர் சர்க்கார்கள் பல இந்த வியாபாரத்தையே நம்பி வாழலாயின. குடியானவன் தன் உழைப்பால் ஒரு முறையும், நிலத்தால் மறுமுறையும் நகரத்துக்கு மூலதனம் கொடுத்தான்.

நகரத்துக்கு வந்தவன்

1980இல் ஷென்சென் முதலான நான்கு இடங்களை விசேஷப் பொருளாதார மண்டலங்களாகத் திறந்தார்கள். ஹாங்காங் எல்லையில் சிறு பட்டணமாயிருந்த ஷென்சென், 2020ஆம் வருஷ ஜனக்கணக்கில் 1 கோடியே 75 லட்சம் பேர் வாழும் மாநகரமாகக் காணப்பட்டது. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளைஞரும் யுவதிகளுமே. 1978இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் நகரவாசிகளாயிருந்த தேசத்தில், 2020இல் நூற்றுக்கு அறுபத்துநான்கு பேர் நகரவாசிகள். கிராமத்துப் பதிவோடு விவசாயமல்லாத வேலை செய்வோர் 2023இல் 29 கோடியே 75 லட்சம் பேர். அவர்களில் 17 கோடிக்கு மேற்பட்டோர் சொந்த வட்டாரத்தை விட்டு வெளியே போனவர்கள்.

வேலை செய்ய அவர்களை நகரம் அழைத்தது, குடியிருக்க அழைக்கவில்லை. ஹூகோ அவர்களைப் பின்தொடர்ந்து வந்தது. பதிவு ஊரில் இருக்கிறபடியால் குழந்தைக்கு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும், சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையை நெடுங்காலம் பதிவுள்ள ஊருக்குத் திரும்பித்தான் எழுதவேண்டியிருந்தது. ஆகையால் பெற்றோர் குழந்தைகளைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். தாயோ தந்தையோ இருவருமோ உடனில்லாமல் கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகள் 6 கோடிக்கு மேல் என்று, 2010ஆம் வருஷ ஜனக்கணக்கை ஆதாரமாகக் கொண்டு அந்நாட்டு மாதர் சம்மேளனமே கணக்கிட்டது. பிள்ளையை வளர்க்கும் செலவு கிராமத்துக்கு. வாலிபத்தின் உழைப்பு நகரத்துக்கு. முதுமையைத் தாங்கும் பாரம் மறுபடியும் கிராமத்துக்கு. முதலாளிக்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேறு உண்டோ?

2003 மார்ச்சில் குவாங்சோ நகரத்தில் நிகழ்ந்ததை நேயர்கள் அறியவேண்டும். ஹூபே மாகாணத்தைச் சேர்ந்த சுன் ஜிகாங் என்னும் 27 வயது இளைஞர், பட்டதாரி, வேலை பார்க்க அந்நகருக்கு வந்தவர், ஒரு நாளிரவு வீதியில் போலீஸாரால் நிறுத்தப்பட்டார். தற்காலிக வாசச் சீட்டு அவர் கையில் இல்லை. சீட்டில்லாதவர்களைப் பிடித்து அடைத்துவைத்துச் சொந்த ஊருக்கு அனுப்ப 1982ஆம் வருஷத்து விதியொன்று அதிகாரிகளுக்கு இடங்கொடுத்திருந்தது. மூன்றாம் நாள் காவலிலேயே அவர் அடிபட்டு இறந்தார். அந்நகரத்துப் பத்திரிகை ஒன்று துணிந்து விஷயத்தை வெளியிட்டது. சட்ட அறிஞர் மூவர், மேற்படி விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தேசிய சபைக்கு மனு எழுதினார்கள். ஜூன் மாதத்தில் அவ்விதி ரத்தாயிற்று. ஒரு பத்திரிகையும் மூன்று வக்கீல் புத்தியுள்ளவர்களும் சேர்ந்து எதைச் சாதிக்கமுடியும் என்பதற்கு இது உதாரணம். கதை அங்கே முடிந்திருந்தால் மகிழ்வோம். மறு வருஷமே அப்பத்திரிகையின் நிர்வாகியும் ஆசிரியரும் பண விவகாரங்களைக் காரணங்காட்டிக் கைது செய்யப்பட்டார்கள். நிர்வாகிக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

எதிர்வாதம்

இந்தப் பதிவு முறையை ஆதரிப்போரின் வாதத்தையும் கேட்போம். சீன நகரங்களில் பம்பாயிலும் பிற இடங்களிலும் காணப்படுவன போன்ற பெருஞ்சேரிகள் எழாமற்போனது ஹூகோவினால்தான் என்கிறார்கள். கிராமத்தில் அவனுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. வேலை போனால் அங்கே திரும்பலாம். அதுவே அவனுடைய இன்ஷூரன்ஸ் என்கிறார்கள். இவ்வாதம் வெறும் வாய்ப்பந்தல் ஆகாது. 2008இல் உலக முழுவதும் வியாபாரம் முடங்கியபோது, சுமார் 2 கோடித் தொழிலாளர்கள் வேலையிழந்ததாகச் சீன அதிகாரிகளே தெரிவித்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் ஊர் திரும்பித் தங்கள் நிலத்தில் தங்கினார்கள். தேசத்தில் கலகம் மூளவில்லை. கடனுக்கு நிலத்தை இழந்து நகரத்து வீதிக்கு வந்த நம் நாட்டு ஏழைக்கு இந்த அடைக்கலமும் இல்லை.

ஆயினும் கிராமத்தில் நிலவுரிமை இருப்பது, நகரத்தில் பள்ளியுரிமையை மறுப்பதற்கு எவ்வாறு காரணமாகும்? இரண்டும் ஒருவனுக்கே இருந்தால் தேசத்துக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் நகரசபையின் பொக்கிஷத்துக்கு மட்டுந்தான். இதற்கு மேலும் ஒன்று உண்டு. நாளைக்கு நோய் வந்தால் யார் காப்பார் என்று அஞ்சுகிறவன் இன்றைய கூலியைச் செலவழிக்கமாட்டான், பூட்டி வைப்பான். சீனாவின் மொத்த உற்பத்தியில் குடும்பங்களின் செலவு நூற்றுக்கு நாற்பதைத் தொடாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். சொந்த ஜனங்கள் வாங்காத சரக்குக்கு அந்நியச் சந்தையைத் தேடவேண்டியிருக்கிறது. அந்நியன் சுங்கவரியை உயர்த்தினால் ஆலை நடுங்குகிறது. தொழிலாளிக்கு மறுத்த உரிமை இவ்விதமாகத் தேசத்தின் பொருளாதாரத்தையே ஊனமாக்குகிறது.

சீன சர்க்கார் இதை அறியாமலில்லை. பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த விவசாய வரியை 2006 ஜனவரி முதல் ஒழித்தது. கிராமத்து வைத்திய உதவித் திட்டத்தையும் முதியோர் ஓய்வூதியத்தையும் ஏற்படுத்தியது. 2014இல் விவசாயி, விவசாயியல்லாதவன் என்ற பதிவு பேதத்தையே நீக்குவதாக அறிவித்து, 10 கோடிப் பேருக்கு நகரப் பதிவு கொடுக்க முனைந்தது. நகரவாசியின் வருமானம் கிராமவாசியினுடையதைப்போல் 2009இல் மூன்று மடங்குக்கு மேலாயிருந்தது. 2023இல் ஏறக்குறைய 2.4 மடங்காகக் குறைந்தது. இவை மெச்சத்தக்கவையே. ஆனால் 2020இல் நகரத்தில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 63.9, நகரப் பதிவு பெற்றிருந்தோர் 45.4. இடையில் நின்றவர்கள் 26 கோடிப் பேர். பெய்ஜிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்களின் கதவு, படித்தவனுக்கும் பணமுள்ளவனுக்கும் திறக்கிறதே ஒழியச் செங்கல் சுமந்தவனுக்கு எளிதில் திறப்பதில்லை.

காலமும் காத்திருக்கவில்லை. 1980 முதல் முப்பத்தைந்து வருஷம் ஒரு குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்று சர்க்கார் வற்புறுத்தியதன் விளைவு இப்பொழுது தெரிகிறது. 2022 முதல் சீனாவின் ஜனத்தொகை குறையத் தொடங்கிவிட்டது. பதினெட்டு வயதில் ஷென்சென் ஆலைக்குள் நுழைந்த கிராமத்துப் பெண் இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறாள். அவளைப் போன்ற தொழிலாளர்களின் சராசரி வயது 2023இல் நாற்பத்துமூன்று. ஊர் திரும்பிய முதியவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் 2022இல் சராசரியாக மாதம் சுமார் 200 யுவான். நகரத்து ஊழியர் பெறுவது அதைப்போல் பல மடங்கு. மலிவாக வாங்கிய உழைப்பின் பாக்கி, வட்டியுடன் கணக்குக்கு வந்து நிற்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு, நமக்கு அந்தப் பாவம் இல்லை என்று மார்தட்டிக்கொள்ள நாம் எழுதவில்லை. இந்தியப் பிரஜை தேசத்தின் எப்பகுதிக்கும் செல்லவும் எங்கும் குடியிருக்கவும் அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து உரிமை தருகிறது. ஹூகோ என்ற சட்டம் இங்கே கிடையாது. ஆனால் 2020 மார்ச்சில் நாலு மணி நேர அவகாசத்தில் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது என்ன கண்டோம்? நகரங்களைக் கட்டியவர்கள் மூட்டையும் குழந்தையுமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். ரேஷன் சீட்டு ஊரிலே, வாக்கு ஊரிலே, நகரத்தில் அவர்களை அறிந்தவர் ஒப்பந்தக்காரர் ஒருவரே. மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தொழிலாளர்களைப் பதிவு செய்து பாதுகாக்க 1979இலேயே நாம் சட்டம் செய்திருந்தோம். அச்சட்டம் நாற்பது வருஷம் ஏட்டில் இருந்தது. வழியில் மாண்டவர் எத்தனை பேர் என்று அவ்வருஷம் செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, அத்தகைய கணக்கு இல்லை என்று சர்க்கார் விடையளித்தது. சீனா தன் தொழிலாளியைப் பதிவேட்டால் கட்டிப்போட்டது. நாமோ நம் தொழிலாளியை ஏட்டில் எழுதவே மறந்தோம்.

அதன் பிறகு சில நன்மைகள் நடந்திருக்கின்றன. எந்த ஊர்ச் சீட்டைக் கொண்டும் எந்த ஊரிலும் ரேஷன் வாங்கும் ஏற்பாடு 2022க்குள் எல்லா ராஜ்யங்களுக்கும் வந்துவிட்டது. அமைப்புசாராத் தொழிலாளரைப் பதிவு செய்யும் வேலை 2021இல் தொடங்கிற்று. ஏற்பாடு வேறு, நடப்பு வேறு என்பதைச் சீனத்து 1954ஆம் வருஷ அரசியல் சட்டமே நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆகவே, தேசத்தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்று உண்டு. திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்களுடைய மொழி நமக்குத் தெரியாதிருக்கலாம். வந்தவர்கள் நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று தூண்டிவிடுவோரும் இருக்கலாம். கடல் கடந்து தோட்டக் கூலியாகப் போய், அந்நிய மண்ணில் பிரஜா உரிமைக்குத் தவித்த நம்மவர்களின் நினைவு உள்ள தமிழர் அந்தப் பேச்சுக்குச் செவிகொடுக்கலாகாது.

உங்கள் ஊரில் அவர்கள் தங்கும் கொட்டகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லுங்கள். ரேஷன் கிடைக்கிறதா, குழந்தை பள்ளிக்குப் போகிறதா, வேலையில் அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடையை எழுதிக்கொண்டு வந்து உங்கள் நகரசபை அங்கத்தினரின் மேஜைமேல் வையுங்கள். அவர் அசையாவிட்டால் நமக்கு எழுதுங்கள்; பிரசுரிக்கிறோம்.